தராசுக்கு முத்திரை உண்டு, கம்ப்யூட்டருக்கு?



மின்னணுத் தராசு வைத்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறை அதை முத்திரை ஆய்வாளரிடம் காட்டி முத்திரை வாங்குகிறோம். தராசு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் பார்வைக்குச் சரியாக இருப்பது வேறு, படிக்கல் வைத்துப் பார்த்துச் சரியாக இருப்பது வேறு. அதனால்தான் சட்டம் அப்படி வைத்திருக்கிறது.

அதே தராசுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. தராசில் தவறு வந்தால் கிலோவுக்குப் பத்து கிராம் போகும். கம்ப்யூட்டரில் தவறு வந்தால் கடையே போகும். அதற்கு மட்டும் சோதனை கிடையாது. வாங்கிய அன்று சர்வீஸ் செய்பவர் ஓர் ஆன்டி வைரஸ் போட்டுக் கொடுத்தார், அதோடு சரி என்று இருந்துவிடுகிறோம். இது பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசுவது நம் எல்லோருக்கும் நல்லது.

பேரேடு எங்கே இருக்கிறது?

முன்பெல்லாம் நம் பேரேடு கல்லாவுக்குப் பின்னால் பீரோவில் இருந்தது. அதைக் கெடுக்க நினைப்பவன் கடைக்குள் வர வேண்டும், பூட்டை உடைக்க வேண்டும். இன்று பற்று வரவு, சரக்கு இருப்பு, கொள்முதல் பில், ஜி.எஸ்.டி. விவரம், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அந்தப் பெட்டிக்கு இன்டர்நெட் என்று ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலில் வருபவன் எந்த ஊர்க்காரன் என்றே தெரியாது.

தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ மொத்தச் சரக்கு விற்பவர், சேலையூர், மேடவாக்கம், முடிச்சூர், வண்டலூர் என்று சுற்றுவட்டாரச் சில்லறைக் கடைகளுக்கெல்லாம் வாரக் கடனுக்குச் சரக்கு போடுகிறார். போன அரிசிக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் ஆதாரம் அந்தப் பற்று வரவுக் கணக்கு ஒன்றுதான். கணக்கு போனால் பாக்கி கேட்க வாய் இருக்காது. தவிர, ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாத்து வைக்க வேண்டும். வைரஸ் தின்றுவிட்டது என்று சொன்னால் அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது.

நம் வட்டாரத்தில் ஒரு மொத்த வியாபாரிக்கு இப்படி நடந்தது. பெயர் வேண்டாம். திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டால் கணக்கு திறக்கவில்லை. ஃபைல்களின் பெயரெல்லாம் மாறிக் கிடந்தன. இத்தனை டாலர் கொடுத்தால் சாவி தருகிறோம் என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு. தினமும் காப்பி எடுக்கும் பென் டிரைவ் அவரிடம் இருந்தது. ஆனால் அது இரவும் பகலும் கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடந்ததால் அதிலிருந்த காப்பியும் சேர்ந்தே பூட்டிக்கொண்டது. அவர் பணம் கொடுக்கவில்லை. பில் நகல்களையும், சில்லறைக் கடைக்காரர்கள் கையில் இருந்த சிட்டைகளையும் வாங்கி வைத்துக்கொண்டு, அண்ணன் தம்பி இருவரும் கணக்குப்பிள்ளையும் ஒன்றரை மாதம் உட்கார்ந்து பாக்கியை மறுபடி எழுதினார்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் தங்கள் பாக்கியை நேர்மையாகச் சொன்னார்கள். "அன்றைக்கே கொடுத்துவிட்டேனே" என்றவர்களும் உண்டு. அவர்களிடம் எடுத்துக் காட்ட அவர் கையில் காகிதம் இல்லை.

கும்பகோணத்து வங்கியில் நடந்தது

இது சிறு கடைக்காரருக்கு மட்டும் வரும் தொல்லை அல்ல. 1904-இல் கும்பகோணத்தில் தொடங்கப்பட்ட சிட்டி யூனியன் வங்கியை வணிகர்கள் அனைவரும் அறிவோம். நம்மில் பலருக்கு அங்கே கணக்கு உண்டு. 2018 பிப்ரவரியில் அந்த வங்கியின் கம்ப்யூட்டருக்குள் ஹேக்கர்கள் புகுந்தார்கள். வெளிநாட்டு வங்கிகளுக்குப் பண உத்தரவு அனுப்பும் ஸ்விப்ட் என்ற ஏற்பாட்டின் வழியாக, வங்கி அனுப்பாத 3 உத்தரவுகளை வங்கியின் பெயரிலேயே அனுப்பினார்கள். ஒன்று துபாய்க்கு 5 லட்சம் டாலர். ஒன்று துருக்கிக்கு 3 லட்சம் யூரோ. இன்னொன்று சீனாவுக்கு 10 லட்சம் டாலர். மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர்.

திருடியவர்கள் ஒரு காரியத்தைச் சாமர்த்தியமாகச் செய்திருந்தார்கள். இப்படிப் பணம் அனுப்பினால், அனுப்பியதற்கான தகவல் வங்கியிலுள்ள பிரிண்டரில் அச்சாகி வரும். அந்தப் பிரிண்டரை ஓடாமல் செய்துவிட்டார்கள். பிரிண்டர் ஓடவில்லை என்றால் கோளாறு என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

ஆனாலும் பிப்ரவரி 7-ஆம் தேதி விஷயம் வெளியே வந்துவிட்டது. எப்படி? பெரிய கருவி எதுவும் கண்டுபிடிக்கவில்லை. முதல் நாள் போன உத்தரவுகளையும் வெளிநாட்டு வங்கிகளில் உள்ள கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். நாம் அனுப்பாத 3 தொகைகள் போயிருக்கின்றனவே என்று அப்போது தெரிந்தது. உடனே மற்ற வங்கிகளுக்குத் தகவல் பறந்தது. துபாய்க்குப் போன தொகை நிறுத்தப்பட்டுத் திரும்பி வந்தது. துருக்கிக்குப் போனது அங்கேயே முடக்கப்பட்டது.

இதற்கு 2 ஆண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரியில், வங்கதேசத்தின் மத்திய வங்கியில் இதே வகைத் திருட்டு நடந்தது. அங்கும் பிரிண்டரைத்தான் முதலில் முடக்கினார்கள். சுமார் 95 கோடி டாலருக்கு உத்தரவு போட்டு, 8 கோடியே 10 லட்சம் டாலரை பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் நின்றது. பணம் பெறும் அமைப்பின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. இடையில் இருந்த வங்கியில் யாரோ அதை நின்று படித்துவிட்டுக் கேள்வி கேட்டார்கள்.

நாள் முடிந்ததும் கல்லாவை எண்ணி, சிட்டையோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் கடையைச் சாத்த வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். கும்பகோணத்தில் காப்பாற்றியது அந்தப் பழக்கம்தான். அதை நாம் கம்ப்யூட்டர் வந்த பிறகு விட்டுவிட்டோம் என்பதுதான் வருத்தம்.

வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பவர்கள்

ஹேக்கர் என்றாலே திருடன் என்று நினைக்க வேண்டாம். பூட்டு செய்யும் கம்பெனியிலேயே பூட்டைத் திறந்து பார்க்க ஓர் ஆள் இருப்பது போல, கம்ப்யூட்டரின் காவலை உடைத்துப் பார்த்து, ஓட்டை இருந்தால் சொந்தக்காரரிடம் சொல்வதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நம் சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா என்ற இளைஞர் அப்படிப்பட்டவர்.

பாஸ்வேர்டை மறந்துவிட்டால் நம் செல்போனுக்கு 6 இலக்க எண் ஒன்று வரும் அல்லவா? 6 இலக்கம் என்றால் மொத்தம் 10 லட்சம் எண்கள். ஒரே இடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் தடுத்துவிடுவார்கள். பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் போட்டால்? இன்ஸ்டாகிராமில் அந்தத் தடுப்பு வேலை செய்யவில்லை என்பதை அவர் 2019-இல் கண்டுபிடித்து பேஸ்புக் நிறுவனத்திடம் தெரிவித்தார். அவர்கள் ஓட்டையை அடைத்துவிட்டு 30,000 டாலர் பரிசு கொடுத்தார்கள். 2021-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் இதே போன்ற ஓட்டையைச் சொன்னதற்கு 50,000 டாலர் கிடைத்தது. திருடன் கண்டுபிடிப்பதற்கு முன் நல்லவன் கண்டுபிடிக்கட்டும் என்று பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்துச் சோதிக்கின்றன.

இதில் ஒரு சட்ட விஷயத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் ஒருவருடைய கம்ப்யூட்டருக்குள் நுழைவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தவறு. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே "உங்கள் கம்ப்யூட்டரைச் சோதித்துத் தருகிறேன்" என்று யார் வந்தாலும் எதை, எந்தத் தேதியில், எதுவரை சோதிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே அனுமதிக்க வேண்டும். மத்திய அரசின் செர்ட்-இன் என்ற அமைப்பு, இந்தச் சோதனை செய்யத் தகுதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகிறது. பல கிளைகளும் குடோன்களும் வைத்து, ஒரே கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் இணைத்திருக்கும் வியாபாரிகள் அந்தப் பட்டியலைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

திருத்தம் வந்தும் போடாவிட்டால்

தாம்பரத்திலிருந்து தெற்கே போனால் கூடுவாஞ்சேரிக்கு அருகில் ஸோஹோ நிறுவனம் இருக்கிறது. உலகம் முழுவதும் அவர்கள் சாஃப்ட்வேர் விற்கிறது. 2021-இல் அவர்களுடைய ஒரு சாஃப்ட்வேரில் ஓட்டை இருப்பது தெரிந்து, அந்த ஆண்டு செப்டம்பரிலேயே திருத்தம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஜெனீவாவில் உள்ள சர்வதேச செஞ்சிலுவைக் குழு அந்தத் திருத்தத்தை நேரத்தில் போடவில்லை. 2021 நவம்பர் 9 அன்று ஹேக்கர்கள் அந்த ஓட்டை வழியாக உள்ளே போனார்கள். 2022 ஜனவரி 18 அன்றுதான் தெரிந்தது. இடைப்பட்ட 70 நாளில், போரிலும் பேரழிவிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள் உட்பட 5,15,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் அந்நியர் கைக்கு எட்டிவிட்டன.

2017 மே மாதம் உலகத்தைக் கலக்கிய வன்னாக்ரை வைரஸும் இப்படித்தான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் "அப்டேட்" கேட்கும்போது பில் போடும் அவசரத்தில் "பிறகு" என்று அழுத்திவிடுகிறோமே, அந்தப் "பிறகு" வராமலே போய்விடுகிறது. கடை சாத்தும் நேரத்தில் போட்டுவிட்டுப் போனால் காலையில் தயாராக இருக்கும்.

நம் கடையில் நாமே செய்யும் சோதனை

ஒரு கம்ப்யூட்டர், ஒரு செல்போன், ஒரு கேமரா வைத்திருக்கும் கடைக்காரர் பெரிய நிறுவனத்தை அழைக்க வேண்டியதில்லை. கீழே உள்ளவற்றை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் குறைந்த நேரத்தில், அவரே செய்து பார்க்கலாம்.

1. காப்பியைத் திறந்து பாருங்கள். காப்பி எடுத்து வைத்தால் போதாது. அதை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, ஏதேனும் 3 கடைகளின் பாக்கியை ஒத்துப் பாருங்கள். திறக்காத காப்பி இருந்தும் இல்லாததும் ஒன்றே. காப்பி இரண்டாவது இருக்க வேண்டும். எடுத்ததும் கழற்றி வைக்க வேண்டும். ஒன்று கடையில் இருந்தால் மற்றொன்று வீட்டில் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்து முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். கம்ப்யூட்டரும் காப்பியும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் ஒரே தண்ணீரில்தான் போகும்.

2. பழைய சாவிகளைத் தேடுங்கள். வேலையை விட்டுப் போன பையனுக்குக் கொடுத்த பாஸ்வேர்டு இன்னும் திறக்கிறதா? போட்டுப் பாருங்கள். திறந்தால் உடனே மாற்றுங்கள். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு இருக்கட்டும். அப்போதுதான் பில்லை யார் திருத்தினார்கள் என்று தெரியும். பில் போடுபவருக்கு வங்கிக் கணக்கு பார்க்கும் வசதி தேவையில்லை.

3. கேமராவையும் வைஃபை பெட்டியையும் பாருங்கள். திருடனைப் பிடிக்க வைத்த கேமரா திருடனுக்கே வழிவிடக் கூடாது. கம்பெனியிலிருந்து வரும்போது இருந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் இன்டர்நெட் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் கைப்பற்றித்தான், 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பல பெரிய இணையச் சேவைகளை மணிக்கணக்கில் நிறுத்தினார்கள். வாடிக்கையாளர் கேட்டால் வைஃபை கொடுக்கும் வழக்கம் இருந்தால், பில் போடும் கம்ப்யூட்டர் இருக்கும் வைஃபையைக் கொடுக்காமல் வேறு ஒன்று வையுங்கள்.

4. க்யூ.ஆர். அட்டையைத் தினமும் காலையில் நீங்களே ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் போடுங்கள். உங்கள் பெயர் வருகிறதா? 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் இரவோடு இரவாகக் கடைகளின் க்யூ.ஆர். அட்டை மீது வேறு அட்டை ஒட்டிவிட்டார்கள். கடைக்காரரின் சரக்கு போக, பணம் வேறொருவர் கணக்குக்குப் போயிற்று. வாடிக்கையாளர் காட்டும் செல்போன் திரையை நம்பாமல், பணம் வந்ததை நம் போனிலோ ஒலிபெருக்கிப் பெட்டியிலோ உறுதிசெய்யுங்கள்.

5. தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் சாஃப்ட்வேர் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸ்காரர் வசதிக்காகப் போட்டுவிட்டுப் போயிருப்பார். இப்படிப்பட்ட எனிடெஸ்க் போன்றவற்றின் மூலம் பணம் திருடப்படுவதாக ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. வேலை முடிந்ததும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அடுத்த முறை வேண்டுமானால் மறுபடி போட்டுக்கொள்ளட்டும்.

6. கம்ப்யூட்டரின் வயதைப் பாருங்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடனும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடனும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய பெட்டியில் பில் மட்டும் போடலாம் என்றால் இன்டர்நெட் இணைப்பை எடுத்துவிடுங்கள். வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள்.

7. ஆட்களையும் சோதியுங்கள். "நான்தான் முதலாளி, புது நம்பர், உடனே இந்தக் கணக்குக்குப் பணம் போடு" என்று வேறொரு போனிலிருந்து நீங்களே ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். பையன் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டால் அவனை எல்லோர் முன்னும் பாராட்டுங்கள். கேட்காமல் போடப் போனால் திட்ட வேண்டாம், தனியே உட்காரவைத்துச் சொல்லிக் கொடுங்கள். திட்டினால் அடுத்த முறை உண்மையிலேயே தவறு நடக்கும்போது மறைத்துவிடுவான். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. ஃபைலைத் திறக்கக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள். சரக்கு அனுப்பும் மில்லோ கம்பெனியோ "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று எழுதினால், அதில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, நம் டைரியில் உள்ள பழைய நம்பருக்குப் பேசிக் கேட்ட பிறகே பணம் அனுப்ப வேண்டும்.

8. எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் சிட்டையையும் ஒத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. கும்பகோணத்து வங்கிக்கு உதவியது நமக்கு உதவாமல் போகாது.

அடி விழுந்துவிட்டால்

முதலில் இன்டர்நெட் கம்பியைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். திரையில் உள்ளதை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காப்பி உள்ள பென் டிரைவை அவசரப்பட்டு அந்தக் கம்ப்யூட்டரில் செருகாதீர்கள். கேட்கிற பணத்தைக் கொடுத்தால் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

வங்கிப் பணம் போயிருந்தால் நிமிடக் கணக்குதான். வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே பேசுங்கள். பணம் கை மாறிப் போவதற்குள் முடக்கிவைக்க முடியும். நம் பகுதிக்கு 2022 ஜனவரி முதல் தாம்பரம் காவல் ஆணையரகம் என்று தனி ஆணையரகம் இருப்பதால் புகாரை அங்கே கொடுக்கலாம். நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாளால் பணம் போய், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்று 2017 ஜூலை 6-ஆம் தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை சொன்னது. வெட்கப்பட்டு நாலு நாள் கழித்துச் சொன்னால் அந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும். சைபர் தாக்குதலை 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருப்பதும் கவனிக்கத்தக்கது. வைரஸ் நீக்கும் இலவசக் கருவிகளும் அதே செர்ட்-இன் 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா மூலம் கிடைக்கின்றன.

வெட்கம் என்று சொன்னோம். இதுதான் பெரிய தடை. கடை ஏமாந்தது என்று தெரிந்தால் கொடுக்கல் வாங்கலில் பெயர் கெட்டுவிடும் என்று பலர் வாயைத் திறப்பதில்லை. ஆனால் ஒருவர் சொன்னால்தான் பக்கத்துக் கடைக்காரர் தப்பிப்பார். கள்ள நோட்டு வந்தால் வீதி முழுவதும் சொல்கிறோம் அல்லவா?

சங்கம் செய்யக்கூடியது

தராசு முத்திரை முகாம் நடக்கும் நாளிலேயே, ஒரு மேசை போட்டு, கம்ப்யூட்டர் தெரிந்த இரண்டு இளைஞர்களை உட்காரவைத்து, உறுப்பினர்களின் காப்பி திறக்கிறதா, பாஸ்வேர்டு மாற்றப்பட்டதா, கேமரா பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கலாம். நம் பிள்ளைகளிலேயே பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள கம்பெனிகளில் இந்த வேலை பார்ப்பவர்கள் எத்தனையோ பேர். தகப்பன் கடையைச் சோதித்துத் தர ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டால் மறுக்க மாட்டார்கள். தனித்தனியே செலவு செய்ய முடியாத மொத்த வியாபாரிகள் பத்துப் பேர் சேர்ந்து, பட்டியலில் உள்ள ஒரு நிறுவனத்தை அழைத்துச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். நிர்வாகிகள் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அதற்கு முன், இந்த இதழைப் படித்து முடிக்கும் ஒவ்வொருவரும் இன்று கடை சாத்தும் முன் ஒரு காரியம் செய்தால் போதும். காப்பி இருக்கும் பென் டிரைவைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். மற்றவை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.